கோதுமை வயலில் மூன்று சுற்று

எனக்கு வீடு திண்டிவனம், வேலை விழுப்புரம். ஒரு பள்ளியில் தையல் டீச்சர். ஓட்டத்துக்கும் எனக்கும் உள்ள ஒரே சம்பந்தம், காலை பஸ்ஸைப் பிடிக்கப் புடவையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான். அப்படிப்பட்ட என்னைச் சர்வதேச ஜூனியர் பெண்கள் கிராஸ் கண்ட்ரி போட்டிக்கு நம் அணியோடு போலந்துக்கு அனுப்பிவைத்தார்கள்.

என் திறமையைப் பார்த்துத்தான் அனுப்பினார்கள் என்று யாரும் அவசரப்பட்டு நினைத்துவிட வேண்டாம். ஆறு பெண்கள் போகும் அணிக்குத் துணையாக ஒரு பெண் போயே ஆகவேண்டும் என்பது விதி. போகவேண்டிய அம்மா மாடிப்படியில் உருண்டு காலை முறித்துக்கொண்டார். அணியில் இருந்த ஜெசிந்தா எங்கள் பள்ளிப் பெண். அதனால் எங்கள் பள்ளியில் யாரிடம் பாஸ்போர்ட் இருக்கிறது என்று கேட்டார்கள். என்னிடம் இருந்தது. சிங்கப்பூரில் என் தங்கை பிள்ளை பெற்றபோது எடுத்தது. அந்தப் பிள்ளை இப்போது எல்.கே.ஜி. படிக்கிறது, நான்தான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை. விசா வாங்கிய கதையை விட்டுவிடுகிறேன். அதை எழுதினால் மிச்சத்தைப் படிக்க ஆள் இருக்காது.

ஜெசிந்தாவைப் பற்றிச் சொல்லவேண்டும். கெடார் பக்கத்துப் பெண், பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையை அப்போதுதான் எழுதி முடித்திருந்தாள். அம்மா அடுத்தவர் நிலத்தில் நடவுக்கும் களைக்கும் போகிறவர். அப்பா செங்கல் சூளையில் வேலை. இந்தப் போட்டியில் முதல் இருபத்தைந்து பேருக்குள் வந்தால், தேசியப் பயிற்சி முகாமில் தங்கி மூன்று வருஷம் ஓடலாம், படிக்கலாம். வராவிட்டால், ஊர் திரும்பிய மறுவாரமே திருப்பூர் பனியன் கம்பெனிக்கு அனுப்ப அவள் அப்பா ஆள் பார்த்து வைத்திருந்தார்.

"அங்க போனா தையல் மெஷின்தான் டீச்சர். உங்க கிளாஸ்ல நான் போட்ட பட்டன் காஜாவப் பாத்திருக்கீங்க இல்ல?" என்று விமானத்தில் கேட்டாள்.

பார்த்திருக்கிறேன். அதற்கப்புறமும் இவளைத் தையலுக்கு அனுப்பினால் அது பனியன் கம்பெனிக்குச் செய்கிற துரோகம். இவள் ஓடித்தான் ஆகவேண்டும் என்று நானும் முடிவு செய்துகொண்டேன்.

முதல் நாள் குளிரிலேயே போய்விட்டது. மார்ச் மாதக் கடைசி. நம் ஊரில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையைப் பிடுங்குகிறவர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வெயிலைத் திட்டும் நேரம். அங்கே மூச்சு விட்டால் புகை வந்தது. புடவைக்கு உள்ளே இரண்டு அடுக்கு, வெளியே இரண்டு அடுக்கு போட்டு, நான் தலையணை உறை மாட்டிய மெத்தை மாதிரி ஆகிவிட்டேன். நாங்கள் தங்கிய மாணவர் விடுதியின் சமையல்கார அம்மா என் செருப்பைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார். தன்னுடைய பழைய ரப்பர் பூட்ஸைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தார். இரண்டு சைஸ் பெரிது. நடந்தால் நான் ஒரு அடி முன்னால் போவேன், பூட்ஸ் அரை அடி பின்னால் வரும்.

சாப்பாட்டைப் பற்றிப் பயந்துகொண்டே போனேன். முதல் வேளை பீட்ரூட்டில் ரசம் வைத்தது போல ஒன்று வந்தது. இரண்டாம் வேளை உருளைக்கிழங்கு பூரணம் வைத்த கொழுக்கட்டை. பிள்ளையாரே போலந்துக்கு வந்தாலும் சமாளித்துக்கொள்வார் என்று தைரியம் வந்தது. மூன்றாவதாக வெள்ளையாக ஒரு சூப். ஏதோ தானிய மாவைப் புளிக்கவைத்துக் காய்ச்சியது. மற்ற ஐந்து பெண்களும் மோந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார்கள். ஜெசிந்தா ஒரு கரண்டி வாயில் வைத்தாள். கண் பெரிதானது.

"டீச்சர், கேப்பைக் கூழு! ரெண்டு நாளு புளிச்ச கூழு!"

ஐந்து பேர் கிண்ணத்தையும் அவளே காலி செய்தாள். சமையல்கார அம்மா கதவோரம் நின்று பார்த்துவிட்டு, எங்களுக்கு மொழி பெயர்க்க வந்திருந்த மார்த்தா என்ற கல்லூரிப் பெண்ணிடம் என்னவோ சொன்னார். "என் பேரனுக்குக்கூட இது பிடிக்காது. இந்தப் பெண்ணை இங்கேயே விட்டுவிட்டுப் போகச் சொல்" என்றாராம். பதிலுக்கு நான் கொண்டுபோயிருந்த வறுத்த மல்லாட்டையை ஒரு கை அள்ளிக் கொடுத்தேன். அவர் தோலோடு மென்றார். அதன்பிறகு எப்படி உரிப்பது என்று சொல்லிக் கொடுத்தேன்.

இரண்டாம் நாள்தான் நான் அந்தப் பாவத்தைச் செய்தேன்.

போட்டி நடக்கும் இடம் ஊருக்கு வெளியே ஒரு கிராமத்தில். போட்டிக்கு முந்தின நாள் எல்லோரையும் உள்ளே விட்டு, ஓடவேண்டிய பாதையை நடந்து பார்க்கச் சொல்வார்கள். மேடு எங்கே, சேறு எங்கே, எங்கே திரும்பவேண்டும் என்று காலுக்குப் பழக்கிக்கொள்ள வேண்டும். இதைப் பார்க்காமல் ஓடுவது, அளவெடுக்காமல் ரவிக்கை வெட்டுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அணியின் வேன் மதியமே கிளம்பியது. ஜெசிந்தாவிடம் கையுறை இல்லை. நாங்கள் இருவரும் கடைக்குப் போய் கையுறை வாங்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்துவிடுகிறோம் என்று கோச்சிடம் சொன்னேன். அவர் ஹரியானாக்காரர். சொன்னது இந்தியில், எனக்குப் புரிந்தது தமிழில். "ஐந்து மணிக்குக் கேட்டை மூடிவிடுவார்கள், டீச்சர்ஜி" என்றார்.

கையுறை வாங்கிவிட்டோம். பஸ்ஸும் நின்றுகொண்டிருந்தது. ஜெசிந்தா எதிரே ரொட்டிக் கடையின் கண்ணாடியில் மூக்கை ஒட்டவைத்து நின்றிருந்தாள். நான் என்ன செய்தேன்? விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் இருபது வருஷமாகச் செய்துவருவதைச் செய்தேன். பஸ்ஸில் ஏறி, முன்வரிசை ஸீட்டில் என் துணிக்கடை மஞ்சள் பையை வைத்து இடம் பிடித்தேன். ஜன்னல் திறக்கவில்லை, திறந்திருந்தால் வெளியிலிருந்தே போட்டிருப்பேன். பிறகு இறங்கி ஜெசிந்தாவைக் கூப்பிடப் போனேன்.

நம் ஊரில் ஸீட்டில் பை இருந்தால் அது ஆள் இருப்பதற்குச் சமம். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "யாரு பைம்மா இது? ஜல்தியா ஏறு!" என்று கத்தி, விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். அங்கே கண்டக்டரே கிடையாது. மூன்று பத்து என்று போட்டிருந்தால் மூன்று பத்து. நான் திரும்பியபோது பஸ் கதவை மூடிக்கொண்டு, ஒரு சத்தமும் இல்லாமல், என் பையை ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது.

பையில் ஜெசிந்தாவின் ஸ்பைக்ஸ் ஷூ, நெஞ்சில் குத்தும் நம்பர் துணி, அடையாள அட்டை எல்லாம் இருந்தன. அட்டை இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள்.

அடுத்த பஸ் ஒரு மணி நேரம் கழித்து. அதில் ஏறிப் பாதி தூரம் போயிருப்போம். எதிரே அந்த முதல் பஸ் திரும்பி வந்தது. முன்வரிசை ஜன்னலில் என் மஞ்சள் பை, ராணி மாதிரி தனியாக உட்கார்ந்து ஊரை வேடிக்கை பார்த்துக்கொண்டு போனது.

"டீச்சர், நம்ம பையி!" என்று ஜெசிந்தா கத்தினாள். அந்த பஸ்ஸில் அதுவரை யாரும் பேசியே நான் கேட்கவில்லை. அத்தனை தலையும் திரும்பியது.

இறங்கி, எதிர்ப்பக்கம் நின்று, வேறு பஸ் பிடித்து, ஊருக்குள் வந்து பையைக் கண்டுபிடித்தபோது ஐந்தரை. டிரைவர் அதை ஒரு நூல்கூடக் கலையாமல் பஸ் ஸ்டாண்டு ஆபீஸில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். நம் ஊராக இருந்தால் பை அவ்வளவு பத்திரமாக இருந்திருக்குமா என்று யோசித்தேன். பஸ் நின்றிருக்கும் என்பது மட்டும் நிச்சயம்.

மற்ற ஐந்து பேரும் பாதையை இரண்டு முறை நடந்து பார்த்திருந்தார்கள். ஜெசிந்தா பார்க்கவில்லை. கோச் என் மஞ்சள் பையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

"வுடுங்க டீச்சர். எல்லாரும் எங்க ஓடறாங்களோ அங்கதான நானும் ஓடப்போறேன்" என்றாள் ஜெசிந்தா. அன்று சாயங்காலம் அவளுடைய நம்பர் துணியைப் பனியனோடு சேர்த்து, பின் குத்தாமல், நெருக்கமாகத் தைத்துக் கொடுத்தேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் போட்டி. ராத்திரி மழை பெய்து, காலையில் நின்றிருந்தது. ஆறு கிலோமீட்டர், மூன்று சுற்று. எண்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் ஒரே கோட்டில் நின்றார்கள். பெரும்பாலும் குதிரை மாதிரி நெட்டையான பெண்கள். நடுவில் எங்கள் ஜெசிந்தா, சிலுவை போட்டுக்கொண்டு நிற்பது தெரிந்தது. துப்பாக்கி வெடித்ததும் அத்தனை பேரும் ஒரு மேட்டைத் தாண்டி மறைந்துபோனார்கள். கிராஸ் கண்ட்ரி பார்க்கிறவர்களின் கஷ்டம் இது: ஆறு கிலோமீட்டரில் ஐந்து கிலோமீட்டர் கண்ணுக்குத் தெரியாது.

"மேட்டுக்கு அந்தப் பக்கம் போகலாம். அங்கே வயல் வழியாக வருவார்கள்" என்று மார்த்தா என்னை இழுத்துக்கொண்டு ஓடினாள். கழன்று கழன்று போன பூட்ஸை இழுத்துக்கொண்டு நானும் ஓடினேன்.

அந்தப் பக்கம் ஒரு கோதுமை வயல். ஒரு சாண் உயரத்துக்குப் பச்சைப் பசேல் என்று இருந்தது. அதன் குறுக்கே இரண்டு பக்கமும் நாடா கட்டி, பத்தடி அகலத்துக்கு, பாதை பயிருக்குள்ளேயே போனது. பெண்கள் வந்தார்கள். பயிரின் மேல் கால் வைத்துத் திபுதிபுவென்று ஓடினார்கள். ஜெசிந்தா இருபத்தேழாவதாக வந்தாள். எனக்கு வாயெல்லாம் பல். இன்னும் இரண்டு பேரைத் தாண்டினால் போதும்.

வயல் விளிம்புக்கு வந்தவள் சட்டென்று வேகத்தைக் குறைத்தாள். நாடாவை ஒட்டி டிராக்டர் சக்கரம் போன தடம் ஒன்று இருந்தது. பயிர் முளைக்காத, ஒரு கால் அகலச் சேறு. அதில் இறங்கி, கைகளை விரித்துக்கொண்டு ஓடினாள். வழுக்கியது. முழங்காலில் விழுந்து எழுந்தாள். பச்சையின் மேல் ஓடியவர்கள் ஒவ்வொருவராக அவளைத் தாண்டினார்கள். நான் எண்ணினேன்: ஏழு பேர்.

"ஏ ஜெசி! நடுவுல ஓடுடி! அங்க என்னாடி பண்ணிக்கினு இருக்க?" என்று கத்தினேன்.

என்னைத் தாண்டும்போது மூச்சுக்கு நடுவே ஒரே வார்த்தை சொன்னாள். "பயிரு, டீச்சர்!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜெசிந்தா கெடாரில் ஓடிப் பழகியது வரப்பில். மைதானம் என்று அங்கே எதுவும் கிடையாது. ஏழாம் வகுப்பில் அவள் ஓட ஆரம்பித்தபோது, அவள் அம்மா வேலை செய்யும் நிலத்துக்காரர் கூப்பிட்டுச் சொன்னாராம்: "வரப்பு மேல ஓடிக்கோ. பயிர்ல ஒரு காலு பட்டுதுன்னு தெரிஞ்சா, மறுநாள்லேருந்து உங்கம்மா வேலைக்கு வரவேணாம்." ஆறு வருஷம். ஒரு நாள்கூடக் கால் படவில்லை. வரப்பில் ஓடி ஓடித்தான் அவளுக்கு அந்த நிதானமே வந்தது என்று பள்ளியில் எல்லோரும் பெருமையாகப் பேசுவோம். இப்போது அந்தக் கால்களிடம் போய்ப் பயிரை மிதி என்றால் எப்படி மிதிக்கும்? முந்தின நாள் பாதையைப் பார்த்திருந்தால் கேட்டிருப்பாள். யாராவது சொல்லியிருப்பார்கள். பார்க்கவிடாமல் செய்தவள் நான்.

இரண்டாம் சுற்று. மேடுகளில் மறுபடியும் ஆட்களைத் தாண்டி, இருபத்தெட்டாவதாக வயலுக்கு வந்தாள். மறுபடியும் அந்தச் சேற்றுத் தடம். இந்த முறை ஆறு பேர் போனார்கள். கோச் தூரத்தில் நின்று இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

இனி ஒரே சுற்றுதான். என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், என்ன செய்யவேண்டும் என்று தெரிந்தது, கால்தான் வரவில்லை. என் அப்பாவுக்குத் திண்டிவனம் பக்கம் ஒன்றரை ஏக்கர் நிலம். சின்ன வயதில் நாற்றை மிதித்து அவரிடம் அறை வாங்கியிருக்கிறேன். ஆனால் எனக்கு அறையோடு போயிற்று. அவளுக்கு அது அம்மாவின் வேலை. அந்த நினைப்பு வந்ததும் வெட்கமாக இருந்தது.

நாடாவுக்கு வெளியே, பாதையை ஒட்டி, வயலுக்குள் இறங்கினேன். செருப்போடு பயிருக்குள் போய்ப் பழக்கமில்லாததால் பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் இறங்கினேன். எந்தப் புத்திசாலியாவது அந்தக் குளிரில் அதைச் செய்வாளா? பாதம் தரையில் பட்டதும் உச்சந்தலை வரை ஒரு ஜில்லிப்பு ஏறியது. புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு, நட்டநடு பயிரில் நின்று, இரண்டு காலாலும் மிதித்தேன். குதித்தேன். மார்த்தா வாயைப் பொத்திக்கொண்டாள். மஞ்சள் சட்டை போட்ட அதிகாரி ஒருவர் விசில் ஊதிக்கொண்டு என்னை நோக்கி வந்தார்.

ஜெசிந்தா வந்தாள். முப்பதாவது. விளிம்பில் கால் தயங்கியது.

"ஏய், இங்க பாருடி! நான் மிதிச்சிக்கினு இருக்கேன் பாரு! எந்த நிலத்துக்காரன் வந்தாலும் நான் பேசிக்கிறேன்! உங்கம்மா வேலைய எவனும் ஒண்ணும் பண்ண முடியாது! வாடி உள்ள!"

என்னைப் பார்த்தாள். என் வெறுங்காலைப் பார்த்தாள். ஒரு கணம் முகம் கோணியது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அடுத்த கணம் பயிருக்குள் கால் வைத்தாள். வைத்த பிறகு அவள் ஓடிய ஓட்டம் இருக்கிறதே, ஆறு வருஷம் ஓரத்தில் அடக்கி வைத்திருந்ததை எல்லாம் அந்த ஒரு வயலில் அவிழ்த்துவிட்டாள். வயலுக்குள்ளேயே நான்கு பேரைத் தாண்டினாள். அந்தப் பக்கத்து மேட்டில் ஏறும்போது இன்னும் ஒருவரை நெருங்கிவிட்டாள். அப்புறம் மறைந்துவிட்டாள். நான் மிதிப்பதை நிறுத்தவே மறந்துபோனேன்.

விசில்காரர் வந்து சேர்ந்தார். அவரோடு தொப்பி போட்ட, சிவந்த முகமுள்ள இன்னொருவர். "இவர்தான் இந்த நிலத்துக்குச் சொந்தக்காரர்" என்றாள் மார்த்தா. எவன் வந்தாலும் பேசிக்கொள்கிறேன் என்று முழங்கிய நான், கையெடுத்துக் கும்பிட்டேன். நடந்ததை எல்லாம் மார்த்தாவிடம் சொல்லி, மன்னித்துக்கொள்ளச் சொல்லுமாறு கேட்டேன்.

அவர் கேட்டுவிட்டு வெகுநேரம் சிரித்தார். பிறகு குனிந்து ஒரு பயிரைத் தொட்டுக் காட்டிப் பேசினார். மார்த்தா சொன்னாள்: "பனிக்காலத்தில் மண் உப்பி, வேரைத் தூக்கிவிடுமாம். இந்த மாதத்தில் மிதித்தால்தான் வேர் மண்ணில் உட்காருமாம். தூர் நிறைய வெடித்துப் பயிர் அடர்த்தியாகுமாம். ஒவ்வொரு வருஷமும் இவரே உருளை ஓட்டி அழுத்துவாராம். இந்த வருஷம் எண்பது பெண்கள் வந்து சும்மா மிதித்துக் கொடுப்பார்கள் என்றுதான் நிலத்தைக் கொடுத்தாராம்."

அவர் இன்னும் ஏதோ சொன்னார். மார்த்தா சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "அதில் ஒரு பெண் மட்டும் இரண்டு சுற்று வேலை செய்யாமல் ஏமாற்றிவிட்டாளே, அவள் யார் என்று கேட்கிறார்."

அதற்குள் தூரத்தில் கோச் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். மூச்சு வாங்கியதில் இந்தியும் வரவில்லை. இரண்டு விரலைக் காட்டினார், பிறகு நான்கு விரலைக் காட்டினார். இருபத்து நான்கு.

அந்த மனிதரை நான் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதேன். கோச்சை இல்லை, நிலத்துக்காரரை. பக்கத்தில் அவர்தான் இருந்தார்.

ஜெசிந்தாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் போர்வையைச் சுற்றிக்கொண்டு, முகமெல்லாம் சேறாக உட்கார்ந்திருந்தாள். "மிதிச்சா நல்லதா? மெய்யாலுமா?" என்று மூன்று முறை கேட்டாள். கெடாருக்கு போன் போட்டாள். அவள் அம்மா களத்தில் மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தார். இருபத்து நான்கு என்றதும், "சாப்டியா கண்ணு?" என்று மட்டும் கேட்டது. பயிரைப் பற்றி ஜெசிந்தா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

நான்காம் நாள் காலை ஊருக்குக் கிளம்பினோம். விமான நிலையம் போகும் வேன் அந்தக் கிராமத்து வழியாகத்தான் போனது. வயல் தெரிந்ததும் ஜெசிந்தா என் கையைப் பிடித்தாள்.

"டீச்சர், வண்டிய நிறுத்தச் சொல்லுங்க. ஜல்தி."

"இன்னாடி, வாந்தி வருதா?"

"இல்ல. சொல்லுங்களேன்."

வாந்தி என்றே கோச்சிடம் சொன்னேன். வேன் நின்றது. அவள் இறங்கி, ரோட்டோரம் நிற்காமல், நேராக வயலுக்குள் போனாள். நாடாவை எல்லாம் அவிழ்த்திருந்தார்கள். பாதை எது, பயிர் எது என்று இப்போது அடையாளம் இல்லை. வயலின் நட்டநடுவுக்கு நடந்து போய், அங்கிருந்து ஓட ஆரம்பித்தாள். வேகமாக அல்ல. கால் எங்கே விழுகிறது என்று குனிந்து பார்க்காமல், முகத்தைத் தூக்கிக்கொண்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை.

நான் பின்னாலேயே இறங்கிப் போனேன். பக்கத்தில் வந்தபோது, "என்னாடி இது, பிளைட்டுக்கு நேரமாவுது?" என்றேன்.

"ஆறு வருஷமா ஓரமாவே ஓடிக்கினு இருந்தேன் டீச்சர்" என்றாள், நிற்காமலே. "நேத்து ரேஸு, ஒண்ணும் தெரியல. நடுவுல ஓடுனா எப்பிடி இருக்கும்னு பாக்கறேன்."

டிரைவர் ஹாரன் அடித்தார். கோச் ஜன்னல் வழியாகக் கடிகாரத்தைக் காட்டினார். இன்னும் ஒரு சுற்று ஆகட்டும் என்று அவர்களுக்குக் கையைக் காட்டிவிட்டு நான் அங்கேயே நின்றேன்.